மாதிரிக் கோடு

போன தை மாதத்திலிருந்து மாசி வரைக்கும் எங்கள் மாவட்டத்துச் சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் என் கோட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பஸ் நிலையம் என்று எங்கு திரும்பினாலும் அந்தப் போஸ்டர்தான். மேலே என் படம், கீழே என் பெயரில் தொண்ணூறு நாள் சர்க்கரைக் கோடு, அதற்கும் கீழே ‘இவரால் முடிந்தது, உங்களால் முடியாதா?’ என்று பெரிய எழுத்தில் ஒரு கேள்வி. படத்தில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோடு என்னுடையது இல்லை.

என் பெயர் குருநாதன். நல்லமங்கலம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஆலோசகர். டாக்டர் மருந்து எழுதியதும் ஆட்கள் என் அறைக்கு வருவார்கள். எதைச் சாப்பிடலாம், எதை விடவேண்டும், எவ்வளவு நடக்கவேண்டும், பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினமும் எப்படிப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். பதினெட்டு வருட வேலை, நன்றாகப் பேச வரும். எனக்கே ஏழு வருடமாகச் சர்க்கரை உண்டு. அதையும் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன். கேட்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்.

வளையம் வந்து ஒன்பது வருடமாகிறது. குத்தாமல், ரத்தம் எடுக்காமல், மணிக்கட்டில் இருந்தபடியே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துவிடும். முகப்பில் எண் தெரியும். நூற்று நாற்பது வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள், இருநூறைத் தாண்டினால் சிவப்பு. ஊசிக்குப் பயந்தவர்கள் கும்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நல்ல பொருள்தான். நானே ஊர் ஊராகப் போய்ப் புகழ்ந்து பேசியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அதுவரை உடம்புக்குள் இருந்த நோய், வளையம் வந்ததும் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்துக்கு வந்துவிட்டது. ஜாதகத்தோடு தொண்ணூறு நாள் கோட்டையும் சேர்த்துக் கேட்டார்கள். கல்யாணப் பந்தியில் பாயசத்தோடு வருகிறவர் முதலில் கையைப் பார்ப்பார், சிவப்பாக இருந்தால் ஒன்றும் பேசாமல் அடுத்த இலைக்குப் போய்விடுவார். மிட்டாய்க் கடைக் கண்ணாடிக் கதவு பச்சைக் கைக்கு மட்டும் திறக்கும். கதவு திறக்காமல் தெருவில் நிற்பவரைப் பார்த்துப் போகிறவர் வருகிறவரெல்லாம் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் கடைப்பக்கம் போவதை விட்டார்கள். வளையத் திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதினோம்.

எங்களுக்கும் ஒரு விதி இருந்தது. ஆலோசகரின் கோடு மூன்று மாதம் தொடர்ந்து மஞ்சளுக்கு மேல் நின்றால் அவர் ஆலோசகராக இருக்கமுடியாது, பழைய ஃபைல்களை அடுக்கும் அறைக்குப் போகவேண்டும்.

எனக்குப் பால்கோவா. கதவு என்ன கதவு, அண்ணாச்சி கடையில் பின்வாசல் இருந்தது. சூடு ஆறாமல் இலையில் வைத்து நீட்டுவார். அவருக்கும் சர்க்கரை, என்னிடம்தான் ஆலோசனைக்கு வருவார். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் இருந்தோம். புரட்டாசியில் என் கோடு மஞ்சளைத் தாண்டி ஒரு மாதம் ஆனது. இன்னும் இரண்டு மாதத்தில் ஃபைல் அறை. பதினெட்டு வருடம் ஊருக்கே புத்தி சொன்ன வாயோடு அங்கே போய் உட்காருவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. பால்கோவா இறங்கியது.

என் அறையில் பயிற்சிப் பெட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு மாதிரி வளையம். நோயாளிகளுக்குக் காட்டுவதற்காக வைத்தது, எப்போதும் நூற்றுப் பன்னிரண்டு, எப்போதும் பச்சை. அதை என் கையில் கட்டிக்கொண்டேன். ஆனால் என் நிஜ வளையத்தை என்ன செய்வது? கழற்றி மேசையில் வைக்கமுடியாது. பத்து நிமிடம் தோல்படாமல் இருந்தால் மேலிடத்துக்குச் செய்தி போய்விடும். அதற்கு ஒரு தோல் வேண்டும். யாருடைய தோல் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

மாரீஸ்வரி அக்கா எங்கள் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவர். ஒப்பந்த ஆட்களுக்கு வளையம் கிடையாது, அடுத்த கட்டத்தில் தருவார்கள் என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வருவார், நாலரைக்குப் போவார். முழுக்கை வைத்த நீலக் கோட்டு. ஆஸ்பத்திரி முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் என்ன வேலையும் சொல்லலாம் என்பது எங்கள் பழக்கம்.

“அக்கா, ஒரு உதவி.”

“சொல்லுங்க சார்.”

“இது புது மாதிரி வளையம். தண்ணி, பினாயில் பட்டா தாங்குதான்னு பாக்கணும். நீங்கதான் நாள் முழுக்கத் தண்ணியில நிக்கிறீங்க. கொஞ்ச நாளைக்குக் கட்டிக்கிறீங்களா? ராத்திரியும் கழட்டக் கூடாது.”

“எங்களுக்கெல்லாம் இது கெடையாதுன்னாங்களே.”

“உங்களுக்கும் வரப்போகுதுல்ல. அதுக்குத்தான் சோதனை.”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கோட்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினார். கடைசித் துளைக்கு இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவு ஒல்லியான கை.

“இதுல தெரியிற நம்பர் யாருக்குப் போகும் சார்?”

“எனக்குத்தான். வெளியில தெரியாம கோட்டுக் கைக்குள்ள வச்சுக்கங்க.”

“சரிங்க சார்” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். தன்னை வைத்து ஒரு சோதனை நடக்கிறது என்பது அவருக்குப் பெருமையாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் கைபேசியில், என் பெயருக்குக் கீழே, அக்காவின் நாள் ஓடியது. காலையில் கடுங்காப்பிக்கு ஒரு சின்ன மேடு. பதினோரு மணிக்குத் தூக்குவாளிச் சோற்றுக்கு ஒரு மேடு. நாலு மணிக்கு டீயும் பன்னும். வேறு எதுவும் கிடையாது. அழகான பச்சைக் கோடு. தினமும் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு தேறிவிட்டது போலவே தோன்ற ஆரம்பித்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே தோன்றியது.

மாத்திரையையும் நிறுத்தினேன். எங்களுக்குத் தந்திருக்கும் மாத்திரைப் பெட்டி காலையில் ஒன்றும் மதியம் ஒன்றும் தானாக வெளியே தள்ளும், எடுக்காவிட்டால் கத்தும். எடுத்து, மேசை இழுப்பறையில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் போட்டுவிடுவேன். கோடுதான் நன்றாக இருக்கிறதே, மாத்திரை எதற்கு? இதே சாக்கைச் சொன்ன நூறு பேரை இதே நாற்காலியில் உட்கார்ந்து நான் திட்டியிருக்கிறேன். டம்ளர் நிறையவே இல்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. கூட்டுகிறவர்கள் கொட்டிவிடுகிறார்கள் என்று நினைத்தேன், நினைத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது.

ஒருநாள் அக்கா என் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நின்று, “சார், தரையில ரத்தம்” என்றார். வாசலிலிருந்து என் நாற்காலி வரை பொட்டுப் பொட்டாக இருந்தது. குனிந்து பார்த்தால் என் செருப்பின் அடியில் ஒரு சின்ன ஆணி, பாதத்துக்குள் ஏறியிருந்தது.

“வலிக்கலையா சார்?”

“இல்லையே” என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பச்சையைப் பார்த்தார். ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடு திடீரென்று ஏறி நூற்று அறுபத்தெட்டைத் தொட்டது. எனக்குப் பதறிவிட்டது. மறுநாள் அக்காவைக் கூப்பிட்டேன்.

“நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“மகளுக்கு வளைகாப்பு சார்.” வெட்கத்தோடு சிரித்தார். “கேசரி, அப்புறம் கலந்த சாதம். ரெண்டு தடவ வாங்கிட்டேன்.”

“வளையம் கட்டியிருக்கிற வரைக்கும் கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்கக்கா. நம்பர் ஏறினா எல்லாம் கெட்டுப்போயிரும்.”

சிரிப்பு போய்விட்டது. “தெரியாமப் போச்சு சார். இனிமே ஏறாது.”

சொன்னபடி அதன் பிறகு ஏறவில்லை. பதினோரு மணி மேடு சிறுத்தது, அப்புறம் காணாமலே போனது. நாலு மணிப் பன்னும் போனது. கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுப் பாராட்டினார்கள். “உங்க கட்டுப்பாடு யாருக்கும் வராது குருநாதன்” என்றார்கள். “மனசு வச்சா முடியும்” என்றேன்.

கோடு எழுபதுக்குக் கீழே இறங்கினால் கைபேசி அதிரும். ‘குருநாதன், உங்கள் சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஏதாவது சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கும். கீழே ‘ஆம்’ என்று ஒரு பொத்தான். ஐந்து நிமிடத்துக்குள் அதை அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால், ஆள் மயங்கிக் கிடக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, வளையம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆம்புலன்ஸை அனுப்பிவிடும். அப்படி அனுப்பினால் அங்கே இருப்பது நான் இல்லை என்று தெரிந்துபோகும். அதனால் அழுத்தினேன். மூன்று மாதத்தில் முப்பத்தொரு தடவை. சில தடவை வாயில் பால்கோவா இருக்கும்போதே ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்கும். ஆம் என்று அழுத்துவேன். பொய்யில்லையே என்று ஒருமுறை எனக்குள் நானே சிரித்துக்கொண்டதும் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு ஆள் குறைவாகச் சாப்பிடுவதால் மட்டும் சர்க்கரை அந்த அளவுக்கு இறங்காது. இது எனக்குத் தெரியும், இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. தெரிந்ததை யோசிக்காமல் இருந்தேன்.

தை மாதத்தில் ஒருநாள் அக்கா என் வாசலில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல சார். வெக்கை.”

தை மாதம், எனக்கு மின்விசிறிகூட வேண்டியிருக்கவில்லை. அவருக்கு நேர் பின்னால் சுவரில் நான் மாட்டிய அட்டை தொங்கியது. ‘சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுதல். உடனே இனிப்பு கொடுக்கவும்.’ என் மேசை இழுப்பறையில் அப்போது பால்கோவா இருந்தது.

“வெயில்ல நிக்காதீங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போஸ்டருக்குப் படம் எடுக்கப் போனேன்.

மாசி மாதம் மாவட்டத் தலைநகரில் விழா. சிறந்த கோட்டுக்கான கேடயம் எனக்கு. என் மனைவி அனுசுயா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, “வீட்ல நான் போடுற கஞ்சிக்குத்தான் இந்தக் கேடயம்” என்று கேலி செய்தாள். காலை பத்தரைக்கு விழா தொடங்கியது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. ஐம்பத்தெட்டு. ஆம்.

கலெக்டர் அம்மா பேச ஆரம்பித்தார். மறுபடி அதிர்ந்தது. நாற்பத்தேழு. அந்த எண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த எண்ணில் மனிதருக்குப் பேச்சு குழறும், பக்கத்தில் இருப்பவரை அடையாளம் தெரியாது. இதை வாரத்துக்கு மூன்று முறை வகுப்பில் சொல்வேன். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். எழுந்து நடந்துகொண்டே, மேடைப் படியில் கால் வைத்தபோது அழுத்தினேன். ஆம்.

பொன்னாடை போர்த்தினார்கள். கேடயத்தை இரண்டு கையிலும் கொடுத்தார்கள். கருங்கல் பீடத்தில் பித்தளைத் தகடு, நல்ல கனம். அப்போது மூன்றாவது முறை நெஞ்சுக்கு மேலேயே அதிர்ந்தது. பார்க்கமுடியவில்லை. இரண்டு கையும் கேடயத்தில். படம் எடுப்பவர், “இன்னொண்ணு சார், இந்தப் பக்கம் பாருங்க” என்றார். கலெக்டர் அம்மா என் தோளைத் தொட்டு, “இருங்க, உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை” என்று ஒலிவாங்கியை எடுத்தார். கேடயத்தை வைக்க இடம் தேடினேன். மேடையில் ஒரு மேசைகூட இல்லை. இவரைப் போல ஆசையை அடக்கப் பழகவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது. கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றது.

கீழே இறங்கியதும் கேடயத்தை ஒரு நாற்காலியில் போட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தேன். முப்பத்தொன்பது. ஆம் என்று அழுத்தினேன்.

‘உங்கள் பதில் ஏற்கப்படவில்லை. உதவி புறப்பட்டுவிட்டது’ என்று வந்தது.

அப்போது என் மனதில் முதலில் வந்தது, ‘மாட்டிக்கொண்டோம்’ என்பதுதான். அக்காவின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. எவ்வளவு நேரம் கழித்து என்று எனக்குத் தெரியாது, ஆனால் பிறகுதான் வந்தது.

கால் மணி நேரத்தில் டாக்டர் நூர்ஜகான் கூப்பிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியின் பொது மருத்துவர், எனக்கு மேலே இருப்பவர்.

“எங்க இருக்கீங்க குருநாதன்?”

“விழாவுல, மேடம்.”

“அப்ப குப்பைக் கொட்டகைக்குப் பின்னால உங்க வளையத்தைக் கட்டிக்கிட்டுக் கிடந்தது யாரு?”

ஆம்புலன்ஸ் எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருக்கிறது. உங்கள் ஆலோசகர் விழுந்து கிடக்கிறார் என்று அதற்கு உத்தரவு. என் அறைக்கு ஓடியிருக்கிறார்கள், நான் இல்லை. கருவி காட்டிய பக்கம் போனால் கொட்டகைக்குப் பின்னால் மாரீஸ்வரி அக்கா பேச்சுமூச்சில்லாமல் கிடந்திருக்கிறார். கோட்டுக் கையை மடித்துப் பார்த்தால் என் வளையம்.

நான் போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு நினைவு திரும்பிவிட்டது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“அவங்களுக்குச் சுகரே கிடையாது. பட்டினி கிடந்தாக்கூட நல்ல உடம்புல இவ்வளவு இறங்காது. கோட்டுப் பாக்கெட்டுல இது இருந்துச்சு.” உள்ளங்கையைத் திறந்து காட்டினார். இரண்டு மாத்திரை. “தெரியுதா?”

தெரிந்தது. ஏழு வருடமாகப் பார்க்கும் மாத்திரை.

“இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பிட்டுட்டுப் போடவேண்டிய ஆள் போட்டா மருந்து. இவங்க வெறும் வயித்துல, சுகர் இல்லாத உடம்புல போட்டிருக்காங்க. இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் அது துடைச்சு எடுத்துரும். இன்னொரு பத்து நிமிஷம் போயிருந்தா நாம இங்க நின்னு பேசிட்டு இருக்கமாட்டோம். எப்படி அவங்க கைக்குப் போச்சு?”

எனக்கும் தெரியவில்லை. உள்ளே போய் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

“மன்னிச்சிருங்க சார். விழா அன்னைக்குப் பாத்து இப்படி ஆயிப்போச்சு.”

“அந்த மாத்திரையை ஏன்க்கா போட்டீங்க?”

“நீங்கதானே சார் டம்ளர்ல எடுத்து வச்சிருந்தீங்க.” அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. “வளையம் என் கையில இருக்கு. அப்ப மாத்திரையும் நாந்தானே போடணும்? எனக்குத்தான் வச்சிருக்கீங்க, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுறீங்கன்னு நெனைச்சேன். காலையில வந்து மேசை தொடைக்கும்போது எடுத்துக்குவேன். சில நாளு ஒண்ணு, சில நாளு ரெண்டு.”

“இது சோதனை வளையம்னுதானே சொன்னேன்.”

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பொய் சொன்னவன் நான், வெட்கப்பட்டது அவர். “தரையில ரத்தம் தொடைச்ச அன்னைக்கே தெரியும் சார். எங்கப்பாவுக்கும் சுகர் ஏறிக் கெடந்தப்ப அப்படித்தான், கால்ல என்ன குத்தினாலும் வலிக்காது. ஏறுச்சுன்னா உங்க வேலை போயிரும்ல.”

செவிலியர் ஒருவர் தட்டில் இரண்டு இட்லியும் சர்க்கரை போட்ட பாலும் கொண்டுவந்து வைத்தார். அக்கா தட்டைப் பார்த்தார், சாப்பிடவில்லை. வளையம் இருந்த இடம் மணிக்கட்டில் வெளுத்துப் பட்டையாகத் தெரிந்தது. அதைத் தடவிக்கொண்டே, “கழட்டிட்டாங்களே சார். உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதே?” என்றார்.

நான் அழுதேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

விசாரணைக்குச் செல்வின்துரை என்று ஓர் அதிகாரி வந்தார். போஸ்டரையெல்லாம் கிழித்துவிட்டார்கள். வேலை போய்விடும் என்று தயாராகத்தான் போய் உட்கார்ந்தேன். அவர் முன்னால் ஒரு பட்டியல் இருந்தது.

“முப்பத்து மூணு தடவை ஆம்னு அழுத்தியிருக்கீங்க. முப்பத்து நாலாவதுக்கு உங்ககிட்டருந்து பதில் இல்ல. ஏன்?”

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் அந்தப் பதிவு மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு வருகிற பதில் பட்டியலில் சேராது. என் கடைசி ‘ஆம்’ என் கைபேசியில் மட்டும்தான் இருந்தது.

“மேடையில கலெக்டர் பக்கத்துல நிக்கிறீங்க. அழுத்தாம விட்டா எல்லாம் வெளிய வந்துரும்னு தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டீங்க. அப்படித்தானே?”

கை காலியாக இல்லை சார் என்று சொல்லவேண்டும். நாலு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது.

“சொல்லக் கஷ்டமா இருக்கும், புரியுது” என்றார் அவர். நல்ல மனிதர். தலையைக் குனிந்து எழுதினார். செய்தது பெரிய தவறு, எனினும் கடைசி நேரத்தில் தன் பெயரைவிட ஓர் உயிரைப் பெரிதாக நினைத்தவர் என்று எழுதினார். எச்சரிக்கையோடு என்னை அதே நாற்காலியில் விட்டார்கள். இப்போது என் கையில் என் சொந்த வளையம். முதல் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது, நல்ல சிவப்பு. ஆனால் ஊர் என்னை ஒதுக்கவில்லை. தன் தப்பைத் தானே வெளியே விட்ட மனுஷன் என்று நோயாளிகள் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அக்கா மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். ஒப்பந்தக்காரர் வேண்டாம் என்றபோது டாக்டர் நூர்ஜகான்தான் சண்டை போட்டுச் சேர்த்தார். வந்த முதல் நாளிலிருந்து தினமும் மதியம் ஒரு மணிக்கு என் வாசலில் வந்து நிற்பார். “மாத்திரை போட்டீங்களா சார்?” என்பார். நான் ஆம் என்று தலையாட்டினால் போய்விடுவார். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம், “அன்னைக்கு சார் அழுத்தாம விட்டதாலதான் நான் இன்னைக்கு உக்காந்து சோறு திங்கிறேன்” என்று சொல்வதும் என் காதில் விழும். காது கேட்காதவன் மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

சித்திரையில் ஒருநாள் மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டும் போகாமல் நின்றார்.

“மகளுக்கு ஆம்பளப் பிள்ள பொறந்து மூணு மாசம் ஆகுது சார். வர்ற வெள்ளிக்கிழமை பேரு வைக்கிறோம். மருமகன்கிட்டயும் கேட்டுட்டேன். உங்க பேரத்தான் வைக்கப்போறோம். நீங்களும் உங்க வீட்டம்மாவும் வரணும்.”

கதவைச் சாத்தச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. கைபேசியை எடுத்து அந்தச் செய்தியைத் திறந்து நீட்டினேன். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ‘உங்கள் பதில் ஏற்கப்படவில்லை’ என்பதை உதடு அசைய மெதுவாகப் படித்தார். அதற்கு மேலே இருந்த ‘ஆம்’ ஒரே எழுத்துக்கூட்டலில் வந்துவிட்டது.

“இது அன்னைக்கா சார்?”

“அன்னைக்குத்தான். கையில கேடயம் இருந்துச்சு. கீழ வைக்க இடம் இல்ல. அதனாலதான் தாமதமாச்சு.”

“அப்ப கை சும்மா இருந்திருந்தா?”

“அழுத்தியிருப்பேன்.”

“முப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கே. அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?”

“தெரியும்.”

அவர் கைபேசியை மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, அது இருந்த இடத்தைச் சுற்றிக் கையால் ஒருமுறை துடைத்தார், பழக்கத்தில். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைத் திறந்துகொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. குழந்தைக்கு வேறு பெயர் வைத்தார்கள். என்ன பெயர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மணிக்கு இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாளே வந்தார். இன்றும் வருகிறார். எதுவும் கேட்பதில்லை. போட்டுவிட்டேன் அக்கா, ஆம், போட்டுவிட்டேன் என்று முதல் நாள் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் பெட்டியிலிருந்து எடுத்து, தண்ணீர் குடித்து விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். பார்த்த பிறகுதான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறார்.